அண்ணனுக்கு ஒரு கட்டம்

— உக்காரு தம்பி. மூணாவது தடவையா எந்திரிக்கிற. நாற்காலியில முள்ளா இருக்கு?

— தண்ணி குடிக்கப் போறேன் அண்ணி.

— இப்பத்தானே குடிச்ச. அந்தக் குழாயே உன்னைப் பாத்து பயப்படப் போகுது.

— பத்து மணின்னாங்க, பத்தே முக்கால் ஆச்சு. மதியத்துக்குள்ள நான் போய் நிக்கலேன்னா மேஸ்திரி குதிப்பான்.

— குதிக்க மாட்டான். நானே போய்ச் சொல்லிட்டேன். அண்ணன் பொண்ணு விஷயமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னதும், ரெண்டு நாள்கூட வச்சுக்கங்கன்னுட்டான்.

— என்னைக் கேக்காம அவன்கிட்ட ஏன் போனீங்க?

— உன்னைக் கேட்டா? போன மாசம் பல்லு வலின்ன. அதுக்கு முந்தின மாசம் மழை வரும், சாரத்தை அப்படியே விட்டுட்டு வர முடியாதுன்ன. இங்க வர்றதுக்கு மொத்தம் நாலு மாசம் காத்துக் கிடந்தேன் நான். இன்னைக்குத்தான் சிக்கியிருக்க.

— ஊசின்னா எனக்கு ஆகாது அண்ணி.

— நாப்பது அடி உயரத்துல ஒத்தக் குழாய் மேல நடக்கிறவனுக்கு ஊசி பயமா? சொல்லாத வெளிய, சிரிப்பாங்க.

— குட்டி எங்க? அவளைக் கூட்டிட்டு வரலியா?

— பெரியவங்க மட்டும் வந்தாப் போதும்னாங்க. பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஓட்டப் பந்தயம். ஓடக்கூடாதுன்னு இவ மட்டும் புத்தக ரூம்ல உக்காந்திருப்பா. கூடப் படிக்கிறதுங்க கண்ணாடின்னு பேர் வச்சிருக்குதுங்க, தொட்டா உடைஞ்சிடுவாளாம். நேத்து துணி மடிச்சிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து கேக்குறா, ‘அம்மா, நான் எப்ப உடைவேன்?’

— அட விடுங்க அண்ணி. பிள்ளைங்க பேச்சு.

— விடுறேன். நீ உக்காரு.

— ரெண்டு பேரும் உள்ள வாங்க. காக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. முன்னாடி வந்த குடும்பத்துக்கு நேரம் எடுத்துடுச்சு. நான் இங்க மரபணு ஆலோசகர். அம்மாவை எனக்குத் தெரியும். நீங்கதான் சித்தப்பாவா?

— ஆமாங்க மேடம். சாரம் கட்டுற வேலை. கட்டடத்துக்கு வெளிய குழாயும் பலகையும் வச்சுக் கட்டுவாங்கல்ல, அது.

— ஏன் கதவுகிட்டயே உக்காந்துட்டீங்க? இப்படி வாங்க.

— இங்கயே வசதியா இருக்கு.

— ஓடுறதுக்கு வசதியா இருக்கு மேடம், வேற ஒண்ணுமில்ல.

— ஓட வேண்டிய அவசியமே இருக்காதும்மா. இன்னைக்கு ரெண்டு வேலை. முதல்ல உங்க குடும்பத்தை ஒரு படமா போடுவோம். அப்புறம், சித்தப்பா சம்மதிச்சா மட்டும், கையில கொஞ்சம் ரத்தம். வேணாம்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

— நான் கோவிச்சுக்குவேன்.

— கோவிச்சுக்கங்க. ஆனா கையெழுத்து அவர் போடணும்.

— கேட்டீங்களா அண்ணி? ஏன் மேடம், ரத்தம் கொடுத்தா சாயங்காலம் சொல்லிடுவீங்களா?

— எட்டு வாரம், பத்து வாரம் ஆகும். பதிலும் மூணு மாதிரி வரலாம். பரம்பரையா வர்ற இதயக் கோளாறு இருக்குன்னு வரலாம். இல்லேன்னு வரலாம். இல்லேன்னா மரபணுவில ஏதோ ஒரு மாத்தம் இருக்கு, அது கெட்டதா சும்மாவான்னு இன்னும் எங்களுக்கே தெரியலேன்னும் வரலாம்.

— தெரியலேன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்?

— நியாயமான கேள்விதான். தெரியாததைத் தெரியும்னு சொல்லாம இருக்கவும் கட்டடம் வேணும்னு வச்சுக்கங்க.

— இருக்குன்னு வந்தா என்னைச் சாரத்துல ஏத்த மாட்டாங்களே?

— உயர வேலை வேணாம்னு இதய டாக்டர் சொல்லலாம். ஆனா முடிவை உங்க கையிலதான் கொடுப்போம், உங்க மேஸ்திரிக்குப் போகாது. ஆயுள் காப்பீடு ஏதாவது எடுக்கிற நினைப்பு இருந்தா, ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே அவங்க என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சுக்கங்க. அவசரமே இல்ல. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டுக்கூட வரலாம்.

— அப்ப கிளம்பலாம் அண்ணி. அவங்களே சொல்லிட்டாங்க.

— உக்காரு.

— படத்துக்கு வருவோம். ஆம்பிளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். தவறிட்டவங்களுக்கு மேல ஒரு குறுக்குக் கோடு. உங்க அப்பா?

— கோடு போட்டுக்கங்க. அறுபத்தொண்ணு. சிமெண்ட் மூட்டை தூக்கினாரு, அது நுரையீரலுக்குள்ள போய் உக்காந்துகிச்சு.

— திடீர்னு மயக்கம், வலிப்பு?

— வேலை முடிஞ்சு ஊத்திக்கிட்டா ரெண்டும் வரும்.

— தம்பி!

— உண்மையைத்தானே கேக்குறாங்க.

— அப்பா கூடப் பிறந்தவங்க? தண்ணியில மூழ்கினவங்க, காரணமே இல்லாம வண்டியைக் கொண்டுபோய் மோதினவங்க, அப்படி யாராவது?

— அதெல்லாம் எதுக்கு மேடம்? எங்களுக்கு இதய நோய் இருக்கான்னுதானே பாக்கணும்?

— இதயம் தாளம் தப்பி நின்னா, வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு அது விபத்து மாதிரித்தான் தெரியும். நீச்சல் தெரிஞ்சவர் மூழ்கிட்டார்னு வீட்ல சொல்லிட்டு இருப்பாங்க. அதனாலதான் ஒவ்வொரு விபத்தையும் துருவித் துருவிக் கேக்கிறோம்.

— பெரியப்பாவை லாரி அடிச்சிடுச்சு.

— அவர் போய் மோதலயே?

— இல்ல, லாரி மேலதான் தப்பு. என்ன, இவரு நடு ரோட்ல படுத்திருந்தாரு.

— சரி, பெரியப்பாவை விட்டுடுவோம். இப்ப அண்ணன். முப்பத்தி நாலு வயசு. ஆறு வருஷம் முன்னாடி சாரத்துல இருந்து விழுந்துட்டார். ஆஸ்பத்திரிக் காகிதத்துல தலையில அடின்னு இருக்கு, ஏன் விழுந்தாருன்னு இல்ல. கம்பெனி விசாரணையில சாரத்துல குறையே இல்லேன்னு எழுதியிருக்காங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சார்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். அது நீங்கதானே?

— காகிதத்துல இருக்கிறதுதான்.

— காகிதத்தை நானே படிச்சுக்குவேன். உங்க வாயால கேக்கத்தான் வரச் சொன்னேன்.

— ஆறு வருஷம் ஆச்சு மேடம்.

— நான் சொல்றேன் மேடம். அவரு குடிச்சிருந்தாரு, அதான் விழுந்தாருன்னு வேலைத்தளம் பூரா பேச்சு. எங்க சொந்தக்காரங்களே என் முன்னாடி பேசினாங்க. இவன் ஒருத்தன்தான் நின்னு சொன்னான், குடிக்கல, நெஞ்சைப் பிடிச்சாருன்னு. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் தெருவுல தலை நிமிர்ந்து நடந்தேன்.

— ஜன்னலைத் திறக்கலாமா மேடம்? புழுக்கமா இருக்கு.

— திறங்க. நீங்க ஜன்னல்கிட்டயே நின்னாலும் சரி. ஏறலாம், ஏறக்கூடாதுன்னு உங்க வேலையில யார் சொல்வாங்க?

— யாரும் வாயால சொல்றதில்ல. சாரத்தோட ஒவ்வொரு தட்டுலயும் ஒரு அட்டை தொங்கும். சிவப்பு தொங்கினா எவனும் கால் வைக்க மாட்டான். குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் அத்தனையும் முடுக்கின பிறகு, முடுக்கினவனே சிவப்பை எடுத்துட்டுப் பச்சையை மாட்டணும். பச்சையைப் பாத்துட்டா அப்புறம் யாரும் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டாங்க. கட்டினவன் கை மேல நம்பிக்கை.

— அன்னைக்கு அண்ணன் விழுந்த தட்டுல பச்சையை மாட்டினது?

— நான்தான். அட, அதுக்கென்ன? விசாரணைக்கு வந்தவன் ஒவ்வொரு கிளாம்பையும் தட்டித் தட்டிப் பாத்தான். கல்லு மாதிரி இருந்துச்சு.

— உங்களைக் குத்தம் சொல்லல. ஏன் கேக்கிறேன்னு சொல்லிடுறேன். வியாழக்கிழமை இதய டாக்டருங்க கூட்டம் இருக்கு. குட்டியோட நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வைக்கணுமான்னு அன்னைக்கு முடிவு பண்றாங்க. இதயம் நின்னா அதை அடிச்சு எழுப்புற கருவி. முடிவு என்னுது இல்ல, ஆனா இந்தப் படம்தான் அவங்க கையில இருக்கிற முதல் பக்கம்.

— அவளுக்குத்தான் ரெண்டு தடவை மயக்கம் வந்துச்சே.

— ரெண்டு தடவையும் காலையில சாப்பிடாம வெயில்ல வரிசையில நின்னப்ப. அந்த வயசுல அது எத்தனையோ பிள்ளைங்களுக்கு வரும். ஸ்கேன் நல்லா இருக்கு. இசிஜி மட்டும் இப்படியும் சொல்லுது, அப்படியும் சொல்லுது. அவளைத் தனியா பாத்தா கருவிப் பேச்சே வந்திருக்காது. அப்பாவோட கட்டம்தான் தராசைச் சாய்க்குது.

— எங்க வீட்ல எப்பவும் கட்டம் சரியில்ல மேடம்.

— அந்தக் கட்டத்துல இதயம்னு இல்லாம இருந்தா என்ன பண்ணுவாங்க மேடம்? என்கிட்ட இதை நீங்க சொல்லவே இல்லையே.

— வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்கன்னு சொல்வாங்கம்மா. அநேகமா ஓடலாம், குதிக்கலாம்.

— கருவி இருந்தாலும் நல்லதுதானே? ஒரு காவல் மாதிரி?

— தேவைப்படுற பிள்ளைக்கு அது உயிர், சித்தப்பா. தேவைப்படாத பிள்ளைக்கு? ஒன்பது வயசு நெஞ்சுல ஒரு வெட்டு. சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்பத் திறந்து மாத்தணும். ஒண்ணுமே ஆகாம சும்மா உக்காந்திருக்கும்போது தப்பா அடிக்கவும் அடிக்கலாம். மாடு உதைச்ச மாதிரி இருக்கும்னு வச்சிருக்கிறவங்க சொல்வாங்க.

— எடுங்க மேடம்.

— என்ன?

— ரத்தம். எடுங்க. எங்க கையெழுத்து போடணும்? ஒரு குழாய் இல்ல, எத்தனை வேணுமோ எடுத்துக்கங்க.

— என்ன தம்பி திடீர்னு?

— எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, எனக்கே தெரியும். எருமை மாதிரி இருக்கேன். என் ரத்தத்துல இல்லேன்னு வந்துட்டா அண்ணனுக்கும் இல்ல, குட்டிக்கும் இல்ல. முடிஞ்சுதுல்ல மேடம்?

— முடியாது.

— ஏன்? ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க!

— ஒரே வயிறுதான். ஆனா அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதின்னு எடுத்துக்கிறப்ப, அவருக்கு வந்த பாதி வேற, உங்களுக்கு வந்த பாதி வேறயா இருக்கலாம். அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லாமப் போயிருக்கலாம். பிள்ளைகிட்ட ஏதாவது கிடைச்சா, அது எந்த வழியில வந்துச்சுன்னு பாக்க உங்க ரத்தம் உதவும். அண்ணன் ஏன் விழுந்தாருன்னு அது சொல்லாது.

— அப்ப எந்த ரத்தம் சொல்லும்?

— அவரோடது சொல்லியிருக்கும். யாரும் எடுத்து வைக்கல. இப்ப அதுக்கு ரத்தமே கிடையாது. அன்னைக்கு அங்க இருந்தவர் சொல்றதுதான்.

— எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான்.

— அதனாலதான் உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதயம் நின்னு விழுந்தவர் பெரும்பாலும் தரைக்கு வரும்போதே நினைவு இல்லாமத்தான் வருவார். உங்க அண்ணனுக்கு, விழுந்த பிறகு நினைவு இருந்துச்சா?

— எங்க இருந்துச்சு மேடம்? அந்த நொடியே போயிட்டாரு. இவன்தான் வந்து சொன்னான். ஒரு இம்மி வலிகூடத் தெரிஞ்சிருக்காது அண்ணின்னு சொல்லிச் சொல்லித்தான் என்னைச் சோறு திங்க வச்சான். என்ன தம்பி? கதவை ஏன் பாக்குற?

— அண்ணி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்.

— எதுக்கு?

— அம்மா, அவர் தனியா பேசணும்னா அதுக்கு இங்க இடம் உண்டு. நீங்க ஒரு அஞ்சு நிமிஷம்...

— நான் போக மாட்டேன். என் புருஷனைப் பத்தி, என் பிள்ளையைப் பத்தி, எனக்குத் தெரியாம என்ன பேச்சு? சொல்லு.

— வியாழக்கிழமையே முடிவு பண்ணிடுவாங்களா மேடம்? தள்ளிப் போட முடியாதா?

— வியாழக்கிழமைதான்.

— சொல்லுடா.

— மணி அடிச்சிட்டான் அண்ணி. டீக்கு மணி அடிச்சிட்டான். ரெண்டு கிளாம்ப்தான் பாக்கி. வந்து முடுக்கிக்கலாம், யாரு இப்ப ஏறப் போறான்னு பச்சையை மாட்டிட்டுப் போனேன். பாதி வழியில மனசு கேக்காம ஸ்பானரை எடுத்துக்கிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். அதுக்குள்ள அண்ணன் ஏறிட்டான்.

— நெஞ்சைப் பிடிச்சாருன்னியே.

— பலகையைப் பிடிச்சான். அது குழாயோட சேர்ந்து சாஞ்சுடுச்சு.

— விசாரணைக்காரன் பாத்தப்ப எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சுன்ன?

— குழாயைத் தூக்கி வச்சு நான்தான் முடுக்கினேன்.

— எப்ப முடுக்கின? ஆம்புலன்ஸ் போன பிறகா?

— இல்ல அண்ணி. அவன் கீழ கிடந்து ‘தம்பி, தம்பி’ன்னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், ரெண்டாவது கிளாம்பை நான் முடுக்கி முடிக்கிற வரைக்கும்.