பென்னலூர் விட்டுக்கொடுத்த வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய தனி அலுவலர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, முன்வரிசையில் துயரமே உருவாக அமர்ந்திருக்கும் செல்வமேரி அம்மா அவர்களே, பென்னலூர்ப் பெருமக்களே, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே!

மேடை எனக்குப் புதிதல்ல. ஆனால் இன்று நாக்கு எழவில்லை. ரயில்வே பட்டறையில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர், நமது குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் தலைவர், பெரியவர் சூசைராஜ் ஐயா இல்லை! போன வியாழக்கிழமை மார்வலி வந்து நம்மை விட்டுப் போய்விட்டார். குழுவை நடத்த அவர் இருக்கிறார், சண்டை போட நான் இருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். இனி இந்தத் தேவநாதன் யாரோடு சண்டை போடுவான்?

பஞ்சாயத்துத் தேர்தல் நின்றுபோய், ஊருக்கென்று பேச ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தோமே, மறந்துவிட்டதா? பஞ்சாயத்தைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பிய, இதோ மேடையில் இருக்கும் தனி அலுவலரிடம் அன்று ஐயாதான் போனார். "சார், நீங்க ஊருக்குப் புதுசு. குழாய் எங்க வேணும், விளக்கு எங்க வேணும்னு நாங்க கூடி உக்காந்து சொல்றோம். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்" என்றார். அலுவலரும் பெரிய மனது வைத்தார். அப்படிப் பிறந்தது இந்தக் குழு.

முதல் யோசனையிலேயே சறுக்கினோம்! கம்பெனிக்கு முதல் ஷிப்ட் போகிறவர்களுக்காகக் குழாய்த் தண்ணீரை விடியற்காலையில் விடச் சொன்னோம், விட்டார்கள். மறுவாரமே தாயாரம்மாள் கீரைக்கூடையோடு கூட்டத்துக்குள் நுழைந்தார். "ஏன்யா, கம்பெனிக்காரன் வூட்டுக்குத்தான் தாகம் எடுக்குமா? நான் குன்றத்தூருல கீரை வித்துட்டு வர்றதுக்குள்ள குழாய மூடிட்டா இன்னாத்தக் குடிக்கிறது?" தாயாரம்மா, கோபப்பட வேண்டாம், நீங்கள் கேட்டது நியாயம்தான்! நான் பதிலுக்குக் கத்தினேன். ஐயா கத்தவில்லை. மறுநாள் அலுவலரிடம் போய், "நாங்க சொன்னது தப்பு சார், மாலையிலும் கொஞ்ச நேரம் விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று முதல் ஒரு வழக்கம். எந்த யோசனையையும் முடிவு செய்யும் முன், "இதனால யாருக்குக் கஷ்டம்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். யாராவது வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார். என்னைப் போன்றவர்களுக்குப் பொறுமை போய்விடும். அவருக்குப் போகாது.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நெஞ்சு துணியவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, ஜீப்பில் அரசு டாக்டர் பென்னலூருக்கு வந்துகொண்டிருந்தார். சென்ற மழைக்காலத்தில் காலனியில் எல்லப்பன் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். தண்ணீர் சூழ்ந்த பாதையில் அவளைத் தூக்கி வர முடியவில்லை. டாக்டர் இனி காலனிக்குப் போகட்டும் என்றார் ஐயா. நான் குதித்தேன். "வர்ற டாக்டரை நாமே அனுப்பிட்டுக் கையைப் பிசையறதா?" என்றேன்.

"தேவநாதா, நமக்கு ரோடு கீது, பஸ்ஸு கீது. அவங்களுக்கு இன்னா கீது?" என்றார்.

வழக்கப்படி ஐயா கேட்டார், யாருக்குக் கஷ்டம் என்று. ஐயாவின் துணைவியார் செல்வமேரி அம்மா எழுந்தார். ஐயா அவரைப் பார்த்தார். அம்மா உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று அன்று நமக்குத் தெரியவில்லை; டாக்டரின் வியாழக்கிழமையைக் காலனிக்கு விட்டுக்கொடுத்தோம். வியாழக்கிழமைதோறும் அந்த டாக்டரிடம் நெஞ்சுவலிக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர் நம் ஐயாவேதான்! ஊரார் கஷ்டத்தையெல்லாம் வாய்விட்டுக் கேட்டவர் தன் கஷ்டத்தை மட்டும் மறைத்துவிட்டார். என்ன மனிதர்! இப்படியும் ஒரு மனிதர் உண்டா!

போன வியாழக்கிழமை டாக்டர் காலனியில் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் சைக்கிளில் போய்ச் சொல்லி, ஜீப் ஏரியைச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாழாய்ப்போன அந்த ஜீப் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

தானே தேடிக்கொண்ட வினை என்று டீக்கடையில் சிலர் பேசுகிறார்கள். என் காதிலும் விழுந்தது. அதோடு விட்டார்களா? துக்க வீட்டுக்கே போய், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா, டாக்டரை இங்கயே திருப்பிடலாம்" என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்.

"அவங்க பொண்ணுங்க எங்க போவும்? டாக்டர் அங்கயே போவட்டும். நமக்கு இன்னொரு நாள் கேளுங்க. நானும் வந்து கேக்கறேன். அன்னிக்கி அவரு பாத்தாருன்னு உக்காந்துட்டேன். இனிமே யாரு பாத்தாலும் உக்கார மாட்டேன்."

அலுவலர் அவர்களே! காலனியின் வியாழக்கிழமையில் கை வைக்க விடமாட்டோம். பென்னலூருக்கு இன்னொரு நாள் கிடைக்கும்வரை உங்களை விடவும் மாட்டோம். குழு கலையாது.

அம்மா, அடுத்த கூட்டத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை இந்த ஊரில் ஒருவரும் எழுந்து போக மாட்டோம். ஐயா மேல் ஆணை!