காதில்லாத மேளம்

பெண் பார்க்கப் போன அன்று சுப்ரஜா என்னிடம் கேசரித் தட்டை நீட்டினாள். தட்டில் கரண்டி இடிக்கிற சத்தம்கூட வரவில்லை. அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. என் மகன் குருபிரசாத் அவள் நிறத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கரண்டியைத்தான் பார்த்தேன். நம் வீட்டுக்கு ஏற்ற பெண் என்று தோன்றியது.

நீங்கள் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. முதல் என்றால் எனக்கு இதுதான்.

கல்யாணம் அவள் ஊரான ஆழ்வார்குறிச்சியில் நடந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் அவள் அம்மா கேவி அழுதுவிட்டாள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலைப் பார்த்துக்கொள்கிற தில்லைநாயகம் அண்ணாச்சிதான் சட்டென்று விரலை உயர்த்தி, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்றார். நாயனமும் தவிலும் ஒரேயடியாக எழும்பின. தாளம் போட்டவர் எங்கள் கோயில் முத்துமாலை. அந்த வெண்கலத் தாளத்தின் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அழுகை இருந்த இடம் தெரியவில்லை. நல்ல காரியம் நடக்கும்போது அழுகையோ தும்மலோ காதில் விழக்கூடாது என்றுதானே அந்த வழக்கம். பெரியவர்கள் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை, பாருங்கள். கேட்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

குருபிரசாத்துக்குக் கோபம் வரும். அவன் அப்பாவும் இருந்தவரை அப்படித்தான். என் காலத்தில் நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வேன். முப்பது வருஷம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சுப்ரஜாவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தும் பார்த்தேன். வலித்தால் வாய்விட்டுக் கத்திவிடுவாள்.

எங்கள் வீடு டவுணில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. எதிரே கோயில். சாயங்காலம் ஆறரைக்குத் தீபாராதனை. மணி அடிக்கும், முத்துமாலை தாளம் போடுவார். குருபிரசாத் ஆபீஸிலிருந்து வருவது ஆறு மணிக்கு. அதனால் எது நடந்தாலும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கும். நான் திட்டம் போட்டு அமைத்ததில்லை, தானாக அமைந்தது.

ஒருநாள் பூசை நடுவே தாளம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முத்துமாலை கையில் தாளத்தோடு எங்கள் வாசலில் நிற்கிறார்.

"என்ன முத்துமாலை, பூசை நடக்கையில இங்கன வந்து நிக்கீரு?"

"போட முடியல ஆச்சி. ஊடால ஒரு சத்தம் வருது, கணக்குத் தப்புது."

"டி.வி.யில சீரியல் ஓடுதுய்யா."

"சீரியல்ல நம்ம வீட்டுப் பிள்ளை குரல்லயா பேசுதாவ?"

சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் நகரவில்லை. உள்ளே சத்தம் ஓயும்வரை நின்றுவிட்டுத்தான் போனார். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படி வந்து நின்றார். தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது என் மகள் ப்ரியாவுக்கு ஜாதகம் கொடுத்திருந்தோம்.

நான் தில்லைநாயகம் அண்ணாச்சியிடம் போய், கோயிலுக்கு ஒரு மோட்டார் மேளம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். இப்போது எல்லாக் கோயிலிலும் இருக்கிறதே, ஒரு ஸ்விட்ச் போட்டால் முரசும் மணியும் தாளமும் சேர்ந்து அடிக்கும். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "உபயம்: கோமதியம்மாள் குடும்பத்தார்" என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவைத்தார். முத்துமாலைக்கு வேலை போனது. அவர் வந்து தன் தாளத்தை என் கையில் கொடுத்தார்.

"இனி எனக்கு எதுக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க ஆச்சி. மோட்டாருக்குக் காது கெடையாது. உங்களுக்கு அதானே வேணும்."

மரியாதையில்லாத பேச்சுதான். நான் பொறுத்துக்கொண்டேன். தாளத்தைப் பூசை அலமாரியில் வைத்தேன்.

மகனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "ஏலே, மேளம் அடிக்குத வரைக்குந்தான். மேளம் நின்னா கை நிக்கணும்." அவன் என் பேச்சைத் தட்டாத பிள்ளை. பத்து நிமிஷம்தான். பிரதோஷத்தன்று மட்டும் கொஞ்சம் நீளும். அதற்கு முன்னால் அளவே கிடையாது, நான்தான் ஓர் அளவு வைத்தேன். இதை யாரும் யோசிப்பதில்லை.

கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு மணிக்கட்டு ஒருதடவை முறிந்தது. முற்றம் பெருக்கும்போது ஒரு பல் கிடைத்தது, எடுத்து வைத்திருக்கிறேன். இடது காது கேட்காமல் போனது. அவளைக் கூட்டிக்கொண்டு நான்தான் டாக்டரிடம் போனேன். வழுக்கி விழுந்ததாக நானே சொன்னேன், அவளைப் பொய் சொல்ல விடவில்லை. தலைவாரிப் பூ வைத்துவிடுவேன். காயத்துக்கு மேல் படாமல் பைய வாருவேன்.

போன வெள்ளிக்கிழமை ப்ரியாவை உறுதி செய்ய மாப்பிள்ளை வீட்டார் பாபநாசத்திலிருந்து வந்திருந்தார்கள். முதலில் கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ப்ரியாவும் அவர்களோடு கோயிலில் நின்றாள். அன்று வேண்டாம் என்றுதான் குருபிரசாத்திடம் சொல்லிவைத்திருந்தேன். சுப்ரஜாதான் கெடுத்தாள். வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டே, அவனும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அத்தே, மாப்பிள்ளை வீட்டுக்கு எதுத்தாப்புல கோயில் இருக்கான்னு கேட்டீங்களா? ப்ரியாவுக்கு வேணுமே."

எதிரே மேளம் ஆரம்பித்தது. அவனும் ஆரம்பித்தான்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. குருக்களின் கைமணி மட்டும் சிணுங்கியது. நான் சொல்லிக்கொடுத்தபடியே குருபிரசாத் கையை இறக்கிவிட்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவன் நிறுத்திவிட்டான். சுப்ரஜா தவழ்ந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "யாராவது வாங்களேன்" என்று. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்தது எனக்கே தெரியாது. இருபதடி தூரத்தில் சம்பந்தி வீட்டார் நிற்கிறார்கள்.

நான் அலமாரியைத் திறந்து முத்துமாலையின் தாளத்தை எடுத்தேன். தட்டினேன்.

குருபிரசாத் திரும்பிப் பார்த்தான். "எம்மா?" என்றான். கேள்விதான் அது. நான் இன்னும் பலமாகத் தட்டினேன். அவன் கை மறுபடி எழுந்தது. அவள் தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். நிலை தேக்கு. மோதுகிற சத்தமும் என் தாளமும் ஒன்றாக விழுந்தன. ரத்தம் என் கால்விரல்வரை வந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. நான் பின்னால் நகரவில்லை. வீட்டிலேயும் பூசை நடக்கிறது என்று எண்ணி, சம்பந்தியம்மாள் அங்கிருந்தே எங்கள் வீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். ப்ரியா சொன்னாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

கோயில் படியில் உட்கார்ந்திருந்த முத்துமாலைக்குத்தான் தெரிந்துவிட்டது. அவர் தாளத்தின் சத்தம் அவருக்குத் தெரியாதா. ஓடிவந்து கதவைத் தள்ளியிருக்கிறார். உள்ளே அவள் கிடந்ததால் கதவு திறக்கவில்லை. அதற்குள் கரண்ட் வந்து கோயில் மேளம் அடிக்க ஆரம்பித்தது. நான் தாளத்தைக் கீழே வைத்துவிட்டேன். இனி அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

நான் நிறுத்துவேன் என்று காத்திருந்ததாகக் குருபிரசாத் உங்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மையாகத்தான் இருக்கும், அவன் பொய் சொல்லமாட்டான். நான் அவள் நிறுத்துவாள் என்று காத்திருந்தேன். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. தாளம் போட்டுக்கொண்டிருந்தேன் இல்லையா, கேட்கவில்லை.