ஒன்பதாம் கட்டிலின் சார்ட்

ராத்திரி ஒண்ணே முக்கால். ஆஸ்பத்திரியோட பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவுல ஒரு ரோடு... ஈ காக்கா கிடையாது. நாலு விளக்குல மூணு எரியாது. அதுல ஒருத்தி தனியா நடந்து வர்றா. செருப்புச் சத்தம் மட்டும் சரக்... சரக்... என் கூடப் படிச்சவளோட நாத்தனார்தான், நம்மள மாதிரியே நர்ஸ். ஏய், அந்தக் கதவைச் சாத்துங்கடி முதல்ல.

ரெண்டு கட்டடத்துக்கும் ராத்திரியில அவ ஒருத்திதான். அறுபது கட்டில். அந்த மாசம் பார்த்து மேட்ரன் ஒரு படிவத்தைத் தூக்கிட்டு வந்தாங்க... நர்ஸுங்களோட நேர்மையை அளக்குறாங்களாம்! நாப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். சார்ட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தா மார்க் போச்சு. எழுதினது நிஜமா பொய்யான்னு ஒரு கேள்வி கிடையாது. நினைச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆள் போடத் துப்பில்ல, அளக்க மட்டும் வந்துட்டாங்க!

மார்க் நல்லா வந்தாதான் அவளுக்கு வேலை பர்மனென்ட். நாலு வருஷமா தொங்கல்ல இருக்கா. அதனால பத்து மணிக்கே எல்லாருக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம்னு காலையில ஆறு வரைக்கும், கையைத் தொடாமலே பல்ஸ் எழுதி வச்சிடுவா. சிரிக்காதீங்கடி, நீங்க எழுதினதே இல்லையாக்கும்?

அன்னைக்கு வார்டுக்குள்ள வந்தா... ஒன்பதாம் கட்டில் பெரியவர் வாயைத் திறந்துக்கிட்டு கிடக்கார். பினாயில் வாடைக்கு நடுவுல வேற ஒரு வாடை. தொட்டா ஜில்லுனு இருக்கு. மூச்சு இல்ல. மணிக்கட்டைப் பிடிச்சா...

துடிக்குது. ஒரே சீரா.

வாட்சைப் பார்த்து எண்ணினா. எழுபத்தெட்டு. சார்ட்டுல ரெண்டு மணிக் கட்டத்துல, அவ கையெழுத்துல... எழுபத்தெட்டு.

டாக்டர் ஓடி வந்தார். நெஞ்சுல ஸ்டெத் வச்சா சத்தமே இல்ல. ஈசிஜி நேர்க் கோடு. கையில மட்டும் துடிப்பு. "இதை வச்சுக்கிட்டு செத்துட்டார்னு நான் எப்படிம்மா எழுதுறது?"ன்னு மறுபடி மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தார். நாலு மணிக்கு எண்பத்து நாலு. கட்டத்துலயும் அதேதான்.

அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அந்தக் கட்டங்களை அடிச்சு, பக்கத்துல கையெழுத்து போட்டா மனுஷன் போயிடுவார். ஆனா அடிச்சா, பொய்யா எழுதினேன்னு அவளே ஒத்துக்கிட்ட மாதிரி. வேலை போச்சு. பேனாவை மூணு தடவை எடுத்தா... மூணு தடவையும் மூடி வச்சா. பெரியவரோட பொண்ணு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், இருக்காரா இல்லையா... ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னு கெஞ்சுறா. இவ சார்ட்டைக் கொண்டு போய் வராந்தா மேஜையில கவுத்து வச்சுட்டு வந்தா. எனக்கு அவ மேல அப்படி ஒரு கோவம்... ஆனா அந்த இடத்துல நான் அந்தக் கட்டங்களை அடிச்சிருப்பேனான்னு கேட்டா தெரியாது.

கடைசிக் கட்டம் ஆறு மணி. அதோட முடிஞ்சிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

ஆறு. தொண்ணூறு துடிச்சுது. அப்புறம் மெல்ல... மெல்ல... நின்னுடுச்சு. பொண்ணு ஓன்னு அழ ஆரம்பிச்சா. இவ வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மூச்சே விட்டா.

அங்க மேஜையில மேட்ரன். அப்பத்தான் டூட்டிக்கு வந்திருக்காங்க. கையில ஒன்பதாம் கட்டில் சார்ட். பேனாவை மூடிக்கிட்டே சொன்னாங்க... "என்னம்மா, ஆறு மணிக்கு மேல காலியா விட்டிருக்கே? இன்னைக்கு அளக்க வர்றாங்க தெரியும்ல? நானே போட்டுட்டேன். இந்த வாரம் பூராவும்."

உள்ள அந்தப் பொண்ணோட அழுகை... சட்டுனு நின்னுச்சு.