எதிர் நாற்காலியில் டாக்டரம்மா

எங்கள் மறதிநோய்ப் பிரிவின் நோயாளிகளே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். தலைவருக்கு முன்பாக நோயாளிகளை விளித்தது மரியாதைக் குறைவு அல்ல. அது இந்தப் பிரிவை நடத்திவந்த டாக்டரம்மா போட்ட வழக்கம்.

அல்சைமர் என்று தெரிந்ததும் வீட்டார் என்ன செய்வார்கள்? டாக்டருக்குக் கண்ஜாடை காட்டுவார்கள். "வெளிய வாங்களேன், தனியாப் பேசலாம்" என்பார்கள். டாக்டரம்மா இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். நோயாளியை எதிர் நாற்காலியில் முகத்துக்கு நேராக உட்கார வைத்துச் சொல்வார். "நோய் அவருக்கு. அவர்கிட்டதான் சொல்லணும். மறந்துட்டுத் திரும்பக் கேட்டா திரும்பச் சொல்லணும். நமக்கென்ன வாயா வலிக்குது?" என்பார்.

அன்று நம்மிடம் என்ன இருந்தது? கொஞ்ச காலம் முட்டுக்கொடுக்கும் மாத்திரைகள். அவ்வளவுதான். பிறகு அந்தப் புதிய மருந்து வந்தது. மூளையில் படிந்த புரதத்தை அகற்றி, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். குணமாக்காது. அதை இங்கே கொண்டுவர நடையாய் நடந்தவர் யார்? டாக்டரம்மா. ஸ்கேனில் நுண்ணிய ரத்தக்கசிவுகள் நிறைய இருந்தால் அதை ஏற்றக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று, யார் சிபாரிசோடு வந்தாலும் மசியாமல் நின்றவர் யார்? அவரும் டாக்டரம்மாதான்.

அந்த நோய் அவருக்கே வந்தது. ஸ்கேன் எடுத்தோம். படம் முழுக்கக் கரும்புள்ளிகள், அத்தனையும் ரத்தக்கசிவுகள். அவர் எதிர் நாற்காலியில், நான் அவருடைய நாற்காலியில். மருந்து ஏற்ற முடியாது என்று சொன்னேன். "சரி தம்பி" என்றார். அடுத்த முறை வந்தபோது, "எனக்கு எப்ப தம்பி ஏத்தப் போறீங்க?" என்றார். மறுபடி சொன்னேன். அவர் அதை முதல் தடவையாகக் கேட்டார். ஒவ்வொரு முறையும் முதல் தடவையாகவே கேட்டார்.

அவர் கணவர் என்னிடம் கெஞ்சினார். "அடுத்த மாசம்னு சொல்லி வைங்களேன் தம்பி. எப்படியும் மறந்துடப் போறா. வீடு போய்ச் சேர்ற வரைக்குமாவது சிரிச்ச முகமா இருப்பா." அப்படிக் கேட்டதில் என்ன தவறு? நான் தவறு என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்வது கொடுமையான வேலை. ஆனாலும் அதைத்தான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

கடைசியாக வந்த அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. திரையில் அவருடைய படம் இருந்தது. எழுந்து அருகே போனார். விரல் புள்ளி புள்ளியாக நகர்ந்தது.

"இவங்களுக்கு மருந்து ஏத்தக் கூடாது தம்பி. பாவம், தாங்க மாட்டாங்க. யார் இவங்க?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னவர் அவர் கணவர்.

"உன்னோட படம்தாம்மா."

டாக்டரம்மா வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ எங்கிட்ட சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன்.

நண்பர்களே, ரத்தப் பரிசோதனையிலேயே இந்த நோயின் தடயத்தைக் காணும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. வேறு மருந்துகளும் ஆய்வில் இருக்கின்றன. அவற்றுக்காக நாங்கள் நடப்போம், வாதாடுவோம். எதுவுமே பொருந்தாதவர்களுக்கு, இல்லை என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வோம். இது டாக்டரம்மாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

நாளைக் காலை பிரிவு திறந்திருக்கும். இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களிலேயே சிலர் என் எதிரே உட்கார்ந்து, "டாக்டரம்மா எங்க?" என்று கேட்பீர்கள். இறந்துவிட்டார் என்று சொல்வேன். மறுநாளும் கேட்பீர்கள்.

மறுநாளும் சொல்வேன்.