மூன்றாவது ஷெட்டின் கூடை

எங்கள் மாலை வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆளுக்கு ஒரு கரிக்கட்டி கொண்டுபோனால் போதும். அதை அடுப்பில் போட்டு, அந்தச் சூட்டில் உட்கார்ந்து படிப்போம். செப்டம்பரிலிருந்து நான் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை, கரிக்கட்டியையும் மறந்ததில்லை. என் குணத்தைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் எவால்ட் க்ரும்பீகல், வயது இருபத்திரண்டு. கெம்னிட்ஸில் தறி செய்யும் ஆலையொன்றில் சம்பளப் பிரிவில் எழுத்தர். இந்த 1923-இல் நம் ஜெர்மன் மார்க் மணிக்கு மணி மதிப்பிழப்பதால் நாங்கள் கூலியைத் தினமும் கொடுக்கிறோம். காலை பதினோரு மணிக்கு ஷெட்டுக்கு ஒன்றாகத் துணிக்கூடைகளில் சம்பளக் கவர்கள் போகும். ஆண்கள் வாங்கிய கையோடு வாசல் கம்பி வழியாக மனைவியிடம் நீட்டுவார்கள். அவள் கடைக்கு ஓடுவாள். பன்னிரண்டு மணிக்கு பெர்லினிலிருந்து டாலர் விலை தொலைபேசியில் வரும். கடைக்காரர்கள் அரைமணி நேரம் கதவைச் சாத்திவிட்டுப் புது விலை எழுதித் திறப்பார்கள். பதினொன்றுக்கு இரண்டு ரொட்டி வாங்குகிற கவரால் பன்னிரண்டரைக்கு ஒன்றே வாங்க முடிந்தால் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டிலும் இந்த ஓட்டம் இருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு எதிலும் சந்தேகம் வரும். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். கூடையில் கவர் குறைகிறதோ என்று தோன்றினால் எழுத்தர் மறு எண்ணிக்கை கேட்கலாம் என்பது எங்கள் விதி. அதற்கு முக்கால் மணி ஆகும், அந்தக் கவர் கடைக்குப் போவதற்குள் பன்னிரண்டு அடித்துவிடும். நான் அடிக்கடி கேட்பேன் என்று ஆலை முழுக்கத் தெரியும்.

"பேனாக்காரத் தம்பி, மறுபடியும் எண்றீங்களா?" என்று வாசலில் ஒருத்தி கேட்பாள். "நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள என் புருஷன் பென்ஷனே வாங்கிடுவாரு."

"வாங்கட்டும்டி, அந்த பென்ஷன்ல உனக்கு ஒரு தீக்குச்சி வாங்கித் தருவாரு" என்பாள் இன்னொருத்தி.

எனக்கு அவர்கள்மேல் கோபம் இருந்ததில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் வகுப்பில் நெருக்கடியின் காரணங்களை எடுத்தார்கள். போரை வரி போடாமல் கடன் பத்திரத்தில் நடத்தினோம், ஜெயித்தால் தோற்றவன் கட்டுவான் என்று நம்பினோம், தோற்றுவிட்டோம். இழப்பீடு கட்ட வேண்டும். அது தவறியதும் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள ரூர் பகுதிக்குள் பிரெஞ்சுக்காரன் வந்தான். அங்கே வேலையை நிறுத்தி உட்கார்ந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அரசு நோட்டு அச்சடித்தே கூலி கொடுத்தது. இவ்வளவும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். கடைசியாக ஆசிரியர் ப்ரெட்ஷ்னைடர் ஒன்று சொன்னார்: மக்களின் அவசரமும் ஒரு காரணம், கையில் வந்த பணத்தை உடனே தள்ளிவிட ஓடுகிறார்கள், அந்த ஓட்டமே விலையையும் ஓட வைக்கிறது.

நான் எழுந்து கேட்டேன். "விலை ஏறுதுன்னு ஓடுறாங்களா, இல்ல ஓடுறதால ஏறுதா, சார்?"

"நல்ல கேள்விதான் க்ரும்பீகல். அதை யாரும் அளந்து பார்த்ததில்ல" என்றார். "நீங்க வேணா அளந்துட்டு வாங்க." வகுப்பு சிரித்தது.

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, அளப்பதற்கான இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஷெட்டின் ஆட்கள் எல்லோரும் ஆற்றோரத்து ஆலைக் குடியிருப்பில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஒரே ரொட்டிக்கடை, ஒரே பால்கடை. அவர்கள் ஓடாவிட்டால் அந்தத் தெருவில் விலை மெதுவாக ஏறுகிறதா என்று பார்க்கலாம். அக்டோபர் எட்டு, திங்கட்கிழமையிலிருந்து தினமும் மூன்றாவது ஷெட்டின் கூடைக்கு மட்டும் மறு எண்ணிக்கை கேட்டேன். ஒன்பது வேலைநாள் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மதியம் என் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தெருவிலும், கவர் நேரத்துக்குக் கிடைக்கும் வேறொரு தெருவிலும் போய் விலைப்பலகைகளைக் குறித்தேன்.

மூன்றாம் நாளே விடை தெரிந்துவிட்டது. இரண்டு தெருவிலும் விலை ஒரே மாதிரிதான் ஏறியது. பெண்கள் ஓடினாலும் நின்றாலும், கடைக்காரர் பெர்லினைத்தான் கேட்டார். ஆனால் மூன்று நாள் போதாது. அவசர முடிவுக்கு வருபவன் அல்ல நான்.

ஐந்தாம் நாள் வாசலில் கேலி நின்றுவிட்டது. அதையும் குறித்தேன்.

கடைசி நாள், புதன்கிழமை, ஹுல்டா ட்ரெக்ஸ்லர் என் ஜன்னலுக்கு வந்தார். மூன்றாவது ஷெட்டில் கடைசல் வேலை பார்க்கும் ஓஸ்வினின் மனைவி. கையில் காலிப் பால்குவளை இருந்தது.

"தம்பி, பாப்பாவுக்கு எட்டு மாசம். வயித்தால போயிட்டே இருக்கு. ஓட்ஸ் தண்ணிய நிறுத்து, பால் குடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு வாரமா நான் போறப்ப பால் விலை எங்கயோ இருக்கு."

"எண்ணிக்கை முடியணும், அம்மா."

"எங்க கூடைய மட்டும்தான எண்றீங்க. நாங்க என்ன பண்ணினோம்?"

நான் அடுத்த கவரைக் கையில் எடுத்தேன்.

"ஓஸ்வினோட கவர மட்டும் எடுத்துக் குடுங்க. கையெழுத்து போடறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கவர் என் முழங்கைக்கு அருகில், மேலாக இருந்தது. ஒரு வீட்டை விலக்கினால் ஒன்பதாம் நாளின் கணக்கு மற்ற எட்டு நாளோடு ஒத்துவராது. அடுத்த நாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். ஜன்னலைச் சாத்தினேன். அவர் கத்தவில்லை. குவளையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கம்பியருகே போய் நின்றார்.

குழந்தை வெள்ளிக்கிழமை இறந்தது. மருத்துவர் வயிற்றுப்போக்கு என்று எழுதினார். அது சரியான காரணம்தான். மற்ற காரணங்களை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை கட்டுரையை ஆசிரியரிடம் கொடுத்தேன். பதினான்கு பக்கம், இரண்டு அட்டவணை. அவசரம் காரணமல்ல, விளைவு மட்டுமே என்று நிரூபித்திருந்தேன். ஒன்பதாம் நாளுக்குக் கீழே, நேர்மைக்காக, ட்ரெக்ஸ்லர் வீட்டு விஷயத்தையும் எழுதினேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வகுப்பு நடத்தாமலே வெளியே போனார். உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

ஏன் மூன்றாவது ஷெட் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஒரே தெரு, ஒரே கடை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் இரண்டாவது ஷெட்காரர்களும் அப்படித்தான், ஒரே தெருவில் இருக்கிறார்கள். அதனால் இரண்டு ஷெட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தேன். வந்தது இரண்டாவது ஷெட். அங்கே என் அக்கா மார்த்தாவின் கணவர் வேலை செய்கிறார். அவர்களுக்கும் ஒரு கைக்குழந்தை. சீட்டை மடித்து மறுபடி போட்டேன், வேறு வரும்வரை.

பயந்து செய்ததல்ல, ஐயா. சொந்தக்காரர்கள் உள்ளே இருந்தால் அளப்பவன் நடுநிலை தவறிவிடுவான்.