தேதி கொஞ்சம் முந்திய நன்றி

குருதி உறையாமை நோயாளர் துணை மன்றத்தின் ரிச்சர்ட்ஸ் டவுன் அலுவலகத்திலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் உயர்திரு அலர்மேல்மங்கை அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோரும் உறுப்பினரும் உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

அன்பின் உருவே, அலுப்பறியா அன்னையே, அதிகாரிகள் அஞ்சும் அம்மையே,

இவற்றுள் மூன்றாவது மட்டுமே முழு உண்மை. அலுப்பை நீங்கள் நன்றாகவே அறிவீர்கள். மாடிப்படி ஏறி வந்ததும் கைப்பையை மேசையில் போட்டுவிட்டு, "என்னால ஆகல லாவண்யா, ஒரு காபி சொல்லும்மா" என்று நீங்கள் சொல்லாத நாளில்லை. அன்பும் உண்டு. அது பெரும்பாலும் திட்டாகவே வெளிப்பட்டது. அதிகம் வாங்கியவர் நம் உறுப்பினர் விக்கி.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு சின்ன இடறல் போதும். முட்டிக்குள் கசியத் தொடங்கும் ரத்தம், அதை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி போடும்வரை நிற்காது. அந்த மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருந்தால் இலவசம். இல்லையென்றால் வெளியில் வாங்க எங்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது. அது எப்போதும் இருக்க வேண்டும் என்பதையே உங்கள் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டீர்கள். ஆண்டு விழா மேடையில் "இவர்கள் பாவம், பாவம்" என்று உருகிய பிரமுகரிடம், மைக் அணையவில்லை என்பது தெரியாமல், "பாவம்னு சொல்லாதீங்க சார், ஃபேக்டர் குடுங்க" என்றீர்கள். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அவருக்கில்லை.

மருந்துக் கொள்முதல் அதிகாரியாக இருந்த ரங்கா அவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நடந்ததற்கு அவரே சாட்சி. நாளைக்கு வாருங்கள் என்பதைக் கன்னடத்தில் இனிமையாக, "நாளெ பன்னி மேடம்" என்று சொல்லியே உங்களைப் பலமுறை திருப்பியனுப்பியவர் அவர். ஒருநாள் சால்வையோடும், கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு மடலோடும், ஊன்றுகோல் பிடித்த உறுப்பினர்களோடும் அவர் அறைக்குள் நுழைந்தீர்கள். "தட்டுப்பாடின்றி ஃபேக்டர் தந்த தயாளரே" என்று நீங்களே உரக்க வாசித்தீர்கள்.

"நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே மேடம்."

"ஃப்ரேம் போட்டாச்சு சார். தேதி மட்டும் கொஞ்சம் முந்திப்போச்சு, அவ்ளோதான்."

சால்வை போர்த்திப் படமும் எடுத்த பிறகு அவர் என்ன செய்வார்? மடல் அவர் தலைக்கு மேல் சுவரில் தொங்கியது. வந்தவர்களெல்லாம் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். கோப்பு நகர்ந்தது, மருந்து வந்தது. அந்தப் புகழுக்கு அவர் தகுதி பெற்றது தாமதமாகத்தான் என்றாலும், முழுமையாகப் பெற்றார்.

இப்போது அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் புதியவர் ஒருவர். ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் மருந்து ஒரே தட்டுக்குச் சுருங்கிவிட்டது. போன வாரம் முட்டி வீங்கி அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த விக்கிக்குப் பாதி ஊசிதான் கிடைத்தது. "மிச்சம் வெக்கணும்பா, இத விட சீரியஸ் கேஸ் வரும்" என்றார்களாம். இன்று இந்த அவையில் அவர் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்திருப்பது மரியாதைக் குறைவால் அல்ல.

உங்கள் நாற்காலிக்கு வரவிருக்கும் லாவண்யா புதிய அதிகாரியைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உங்களிடம் சொன்னதை நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். "சிரிச்சுக்கிட்டே 'பாக்கலாம்'ங்கறாரு மேடம். கோபப்பட்டாலாவது பதில் சொல்லுவேன். எனக்கு வாயே வரல."

"பழகிடும் போ. திங்கக்கிழமை நான் கோயமுத்தூர் ட்ரெயின்ல இருப்பேன். போன் நம்பரையும் மாத்தப்போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த இடறல் எவர் வீட்டில், எந்த நேரத்தில் என்ற யோசனைதான் எல்லோர் முகத்திலும்.

ஆகவே, அம்மையீர், திங்கட்கிழமைப் பயணத்தை ஒத்திவைத்தும், புதிய அதிகாரியின் அறைக்கு லாவண்யாவோடு வந்தும், மருந்து வந்து சேரும்வரை ஊரிலிருந்தும், தொலைபேசி எண்ணை மாற்றாமல் வைத்திருந்தும் உதவிய உங்கள் பெருந்தன்மைக்கு எங்கள் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். அதிகாரிக்கான மடலும் சட்டம் போட்டுத் தயாராக இருக்கிறது. அதை லாவண்யா வாசிப்பார். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அவருக்கு வாய் வந்துவிடும்.

இதற்கெல்லாம் நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சால்வை போர்த்தியாயிற்று, படமும் எடுத்தாயிற்று. தேதி மட்டும்தான் கொஞ்சம் முந்திப்போயிருக்கிறது.

மாடிப்படி இல்லாத வீட்டில், மணியடிக்காத போனோடு, நூறாண்டு நலமாக வாழுங்கள். அதற்கு முன், திங்கட்கிழமை காலையில் வந்துவிடுங்கள்.

இவண்,
வேறு வழி தெரியாத
மன்றத்துப் பணியாளர்களும் உறுப்பினர்களும்