ரேடியம் முள்

— ...ஏங்க, அதென்ன சத்தம்? எலியா?

— நான்தாம்மா. நீ தூங்கலையா?

— தூங்குற மாதிரி படுத்திருந்தேன். நீங்க என்ன உருட்டிக்கிட்டு இருக்கீங்க அந்த மூலையில?

— ஒண்ணுமில்ல. மேசையை ஒழிக்கிறேன்.

— யாரு... நீங்களா?

— ஏன், நான் ஒழிக்கக் கூடாதா?

— தாராளமா. இன்னிக்கு மழை கொட்டும், அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து குடிச்ச டம்ளரை எடுத்து வைக்காத மனுஷன்...

— சரி, சரி. பேசாதே. மூச்சு வாங்குது பாரு.

— வாங்கிட்டுப் போகுது. வாட்ச் முள்ளு எடுக்குற சாமணத்தையும் குட்டி ஸ்க்ரூ டிரைவரையும் ஏன் பிஸ்கட் டப்பாவுல போடுறீங்க? அந்தக் கண்ணுல மாட்டுற லென்ஸைக்கூட...

— இடத்தை அடைக்குதும்மா.

— இவ்வளவு நாளா அடைக்காத இடமா? என் பழைய புடவையெல்லாம் கட்டிலுக்குக் கீழ போச்சு, உங்க வாட்ச்சுக்கு மட்டும் ஜன்னலோர இடம். ...ஆமா, அதுங்களை எங்க காணோம்? வரிசையா மாட்டி வச்சிருந்தீங்களே.

— எடுத்து வச்சிட்டேன்.

— எங்க?

— கவர்ல போட்டுக் கட்டி... பால்கனியில.

— பால்கனியிலயா! தூறல் போட்டாலே சட்டைக் கையை இழுத்து மூடிக்கிட்டு, பொண்டாட்டி நனைஞ்சாலும் வாட்ச் நனையக் கூடாதுன்னு குடையைச் சாய்ச்சுப் பிடிக்கிற ஆளு...

— அது ஒரே ஒரு தடவைதான்.

— அந்த ஒரு தடவையில எனக்குச் சளி பிடிச்சதா இல்லையா?

— பிடிச்சுது. மன்னிச்சுரு.

— அடடா. மன்னிப்பெல்லாம் வருது... கையைக் காட்டுங்க.

— எதுக்கு?

— காட்டுங்கன்னா. ...என்னங்க இது, மணிக்கட்டு மொட்டையா இருக்கு! காலையில ஆஸ்பத்திரிக்குக் கறுப்பு டயல் கட்டிக்கிட்டு வந்தீங்க. நான்தானே எடுத்துக் குடுத்தேன்.

— ஸ்ட்ராப் இறுக்கமா இருந்துச்சு.

— ராத்தூக்கம் இல்லாம ஆளே பாதியாயிட்டீங்க. ஸ்ட்ராப் எப்படிங்க இறுகும்? உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வராது. டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டாரே. என்ன சொன்னாரு?

— அதான் ஆட்டோவுலயே சொன்னேனே. உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அடுத்த ஊசின்னாரு.

— தேறட்டும்னாரு.

— ஆமா.

— அதுக்கா அந்த நர்ஸம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு?

— அந்தம்மாவுக்கு உன்மேல பாசம்.

— நரம்பு கிடைக்கலைன்னா என்னைத் திட்டுற அம்மா அது. இன்னிக்குத் தலையைத் தடவிக் குடுக்குது. ...இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க. இல்லையா? சொல்லுங்க. எலும்பு என்னுது, வலி என்னுது. எனக்குத் தெரியக் கூடாதா?

— ...ஆமாம்மா.

— ம்.

— அழணும்னா அழுதுரு. மனசுல வச்சுக்காதே...

— எனக்கு வரல. நீங்களும் ஆரம்பிக்காதீங்க, அழுதா உங்க மூஞ்சி பாக்கச் சகிக்காது. ...சரி, அது என் பாடு. நான் போறதுக்கு முன்னாடியே அதுங்களை எதுக்கு வீட்டை விட்டுத் துரத்துறீங்க?

— பிடிக்கல. அவ்வளவுதான்.

— நேத்து வரைக்கும் பிடிச்சுதே. அந்தச் சோம்பேறி வாட்ச்சுக்கு நேத்துதானே புது ஸ்பிரிங் போட்டீங்க?

— அது எப்பவும் பின்னாடிதான் ஓடும். நான் எது போட்டாலும்.

— அதை எடுத்துட்டு வாங்க. சாவி குடுத்து என் காதோரம் வைங்க. வலியில அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தா, பக்கத்துல யாரோ நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

— வேணாம்.

— ஏங்க, கேக்குறேன்ல... சரி, நானே போய் எடுத்துக்கிறேன்.

— தொடாதே! அதுங்க பக்கமே போகாதேன்னு சொல்றேன்ல!

— இப்படிக் கத்தி நான் பாத்ததே இல்ல.

— படு. தயவுசெஞ்சு படும்மா.

— படுத்துட்டேன். இப்பச் சொல்லுங்க.

— டாக்டர்... என் கையைப் பாத்தாரு.

— உங்க கையை எதுக்கு?

— வாட்ச்சை. அவருக்கும் பழைய வாட்ச்னா கிறுக்கு போல. உன் விஷயத்தைச் சொல்லி முடிச்சாரு, நான் எழுந்திருக்க முடியாம உக்காந்திருக்கேன், ஆறுதலுக்கு ஏதாவது பேசணும்னு கேட்டாரோ என்னவோ... 'நீங்களே ரிப்பேர் பண்ணீங்களா'ன்னாரு. எனக்கு வாயெல்லாம் பல்லு. 'ஆமா டாக்டர், முள்ளு, டயல் எல்லாம் நான்தான் புதுசு பண்ணேன்'னேன். உனக்கு இனி மருந்தில்லன்னு கேட்ட அதே நாற்காலியில... அப்பவும் எனக்குப் பெருமை பாரு.

— அதுல என்ன? நல்லாத்தானே பண்ணியிருந்தீங்க.

— 'முள்ளுல இருந்த பழைய பெயிண்ட்டை என்ன பண்ணீங்க'ன்னாரு. மங்கிப் போயிருந்துச்சு, சுரண்டிட்டுப் புதுசு வச்சேன்னேன். அவர் முகம் அப்படியே மாறிப்போச்சு. ரேடியம்மா. இருட்டுல மின்னணும்னு அந்தக் காலத்துல நிஜ ரேடியத்தைப் பூசியிருக்காங்க. நம்ம சைக்கிள்ல ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரின்னு நெனச்சேன் நான். மின்னுறது நின்னாலும் விஷம் போகாதாம். சும்மா கட்டிக்கிட்டுத் திரிஞ்சாக்கூட அவ்வளவா பயமில்லையாம். சுரண்டினா தூளாகி... உள்ள போச்சுன்னா நேரா எலும்புல போய் உக்காந்துக்கிட்டுப் புத்துநோயைக் கொண்டு வருமாம்.

— மெதுவா. தண்ணியைக் குடிங்க முதல்ல.

— நீ படுக்குற ரூம்ல வச்சு சுரண்டினேன். எத்தனை டயலு! ஊசியால சுரண்டி, வாயால ஃபூ ஃபூன்னு ஊதி... எதைப் பத்தியும் யோசிக்காம, பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டு.

— இதனாலதான் எனக்கு வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரா?

— சொல்லல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாரு.

— அப்புறமென்ன?

— என்னம்மா இப்படிக் கேக்குறே? நீதான் பண்ணேன்னு யாராவது சொல்லிட்டாலும் தேவலை. இல்லைன்னாலும் தேவலை. ரெண்டும் இல்லாம... நீ போன பிறகு நான் இந்த வீட்டுல எந்தப் பக்கம் திரும்புவேன்?

— ...

— அதுவும் எனக்கொண்ணு புரியவே மாட்டேங்குது. மூக்கு முட்ட அதுமேல குனிஞ்சு உக்காந்தது நானு. ஊதினது நானு. வரணும்னா எனக்கில்ல வரணும்? அங்கயே என்னையும் சோதிச்சுப் பாத்துட்டு, எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுமில்லங்கிறாங்க. நான் வேலையில இருந்தா நீ கிட்டயே வர மாட்டே. உனக்குள்ள எப்படிப் போச்சு?

— தலகாணியைக் கொஞ்சம் ஏத்தி வைங்க.

— இந்தா. ...ஒரு வார்த்தை திட்டிடும்மா. நீ இப்படி அமைதியா இருந்தா எனக்கு நெஞ்சே வெடிச்சிரும்.

— எனக்குத் தெரியும்ங்க.

— என்ன தெரியும்?

— அந்தத் தூளு.

— எப்படி? இப்ப நான் சொல்லித்தானே...

— இப்ப இல்ல. அப்பவே. இருட்டுல மின்னுற பெயிண்ட் எங்க கிடைக்கும்னு என்னை ஃபோன்ல தேடச் சொன்னீங்கல்ல... அதுலயே கீழ போட்டிருந்துச்சு. பழசைச் சுரண்டாதீங்க, விஷம்னு.

— படிச்சியா நீ?

— படிச்சேன்.

— படிச்சிட்டு... பெயிண்ட் இந்தக் கடையில கிடைக்குதுன்னு மட்டும் சொன்னியா? அடிப்பாவி... ஏம்மா? ஏன் சொல்லல?

— நீங்க வேலை பாத்த பிரஸ்ஸை மூடினதுலேர்ந்து சுவத்துப் பக்கம் திரும்பியே கிடந்தீங்க. கூப்பிட்டா திரும்பல, சாப்பாடு வச்சா தொடல, ஒரு நாள் மூச்சு வருதான்னு உங்க மூக்குல விரலை வச்சுக்கூடப் பாத்தேன். பிளாட்பாரத்துல ஓடாத வாட்ச் ஒண்ணு வாங்கியாந்து தலமாட்டுல வச்சேன்... அதுக்குத்தான் எழுந்து உக்காந்தீங்க. விஷம்னு சொன்னா விட்டுருவீங்க. விட்டா மறுபடியும் படுத்துருவீங்க. அதான் நீங்க நடக்கப் போற நேரமாப் பாத்து, ஒரு தூள் விடாம கையாலயே வழிச்சு எடுத்தேன்... உங்க மூச்சுல போயிடக் கூடாதுன்னு.